எங்கள் பங்கின் முதல் கல்லறை

என் மனைவி இறந்த அன்று காலை, அவளை எங்கே கொண்டுபோவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆண்டவர் எனக்குச் செய்த உதவியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் மற்றவர்கள் சாட்சி சொல்வதுபோல் நிமிர்ந்து நின்று, கையை உயர்த்திச் சொல்ல என்னால் ஆகாது. நான் கேட்ட ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது. அந்தப் பதிலைக் கேட்டு வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இரண்டும் உண்மை. ஒன்றை மறைத்து ஒன்றைச் சொன்னால் அது சாட்சி ஆகாது.

என் பெயர் சூசை. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், ஆற்றுக்குத் தெற்கே. முப்பது வருடங்களுக்கும் மேலாக அருள்புரத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில், ஒரே லைன் வீட்டில் குடியிருக்கிறேன். என் மனைவி சகாயமேரி. கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். சிறுநீரகம் பழுதாகி, வாரந்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரத்தில் ஒரு நாள் விடிகாலையில் போய்விட்டாள். சாமியார் வந்து எண்ணெய் பூசி, நோயில் பூசுதல் பெற்றுத்தான் போனாள். அதில் குறையில்லை.

உடலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஆம்புலன்ஸ் டிரைவர் எனக்குப் பழக்கமானவர். கதவைச் சாத்திவிட்டு வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

“எங்கீங்ணா போகோணும்?”

எப்போதும் இந்தக் கேள்விக்கு என் வாயில் பதில் தயாராக இருக்கும். எங்கள் கோயில் பங்கில் யார் இறந்தாலும் ஓடி வந்து முன்னே நிற்பவன் நான்தான். ஆம்புலன்ஸ் பிடிப்பேன், ஐஸ் பெட்டி ஏற்றுவேன், சொந்த ஊர்ப் பங்குச் சாமியாருக்குப் போன் போட்டுக் குழி வெட்டச் சொல்வேன், உறவுக்காரர்களுக்கு வேன் ஏற்பாடு செய்வேன். “சூசை அண்ணன் இருந்தா பொணம் வாடாம ஊரு போய்ச் சேரும்” என்று சொல்வார்கள். அதைக் கேட்டு நான் மீசையைத் தடவிக்கொண்டிருக்கிறேன். பெருமைப்பட என்னவெல்லாம் கிடைக்கிறது பாருங்கள் மனிதனுக்கு.

ஆனால் அந்த வாரம் தெற்கே வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியிருந்தது. குளங்கள் உடைந்து, ஆறு ஊருக்குள் புகுந்து, பாலம் போய்விட்டது என்று டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரில் ஒரு போனும் போகவில்லை. எங்கள் ஒரே மகள் ஜெசிந்தாவை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாத நிலையில்தான் அவள் அம்மாவின் உடலோடு நான் வண்டியில் ஏறினேன்.

“தெக்க போக முடியாதுங்ணா. நேத்து போன வண்டியெல்லாம் பாதி வழியில நிக்குது” என்றார் டிரைவர்.

“வீட்டுக்கு விடுங்க” என்றேன். அதுவும் தப்பாகப் போனது.

வீட்டுக்காரம்மா பழனியம்மாள் கேட் அருகே நின்றுகொண்டிருந்தார். அழுதிருந்தார். முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் வண்டியின் குறுக்கே வந்து நின்றார்.

“மாஸ்டரே, மனசுல வெச்சுக்காதீங்க. ஊட்டுக்குள்ள வெக்க வேண்டாமுங்க. பக்கத்து ஊட்டுக்காரங்க பயந்துக்கிட்டு காலி பண்ணீட்டுப் போயிருவாங்க. அப்பறம் ஒருத்தரும் குடி வர மாட்டாங்க. வயித்துப் பொழப்புங்க எனக்கு.”

அவர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பக்கம் லைன் வீடுகளில் இதுதான் வழக்கம். வாடகைக்கு இருப்பவன் செத்தால் வண்டி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சொந்த ஊருக்குப் போகவேண்டும். நானே எத்தனையோ குடும்பங்களை அப்படித்தான் வாசலில் இறங்கக்கூட விடாமல் அனுப்பி வைத்திருக்கிறேன். ஆனால் தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கோலம் போட்ட வாசலில் அவளையே இறக்க முடியாமல் வண்டியைத் திருப்பச் சொன்னபோது, இந்த உலகத்தில் என்னைப்போல் கேவலப்பட்டவன் உண்டா என்று தோன்றியது. டிரைவர் என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தார்.

எங்கள் சவேரியார் கோயிலில் பங்குத்தந்தை கதவைத் திறந்து வைத்திருந்தார். பிள்ளைகளுக்கு ஞானப் பாடம் நடத்தும் அறையில் வைத்துப் பெண்கள் மேரியைக் குளிப்பாட்டி, நீலப் புடவை உடுத்திக் கோயிலுக்குள் கொண்டுவந்து கிடத்தினார்கள். துக்க மணி அடிக்கச் சொன்னார் ஃபாதர். உபதேசியார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முழித்தார். எங்கள் மணி அதுவரை சாவுக்கு அடித்ததே இல்லை. எத்தனை இழுப்புக்கு ஒரு நிறுத்தம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஊரில் கேட்டு வளர்ந்த நான்தான் எழுந்துபோய் என் மனைவிக்கு மணி அடித்தேன்.

உடம்பு முழுக்க நீர் கோத்திருந்ததால் சாயங்காலத்துக்கு மேல் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஃபாதர் நகரத்துப் பங்கில் கேட்டுப் பார்த்தார். அங்கே இடமே இல்லாமல், பழைய குழிகளைத் திரும்பத் தோண்டித்தான் அவர்கள் மக்களையே அடக்கம் செய்கிறார்களாம். மின்மயானம் இருக்கிறதே என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். மேரிக்கு நெருப்பென்றால் பயம். “எரிச்சிராதீங்க, என்னைய மண்ணுல வச்சிருங்க” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னவள் அவள். சரி என்று நான் கையடித்துக் கொடுத்திருந்தேன்.

அவள் தலைமாட்டில் உட்கார்ந்து கோயிலைச் சுற்றிப் பார்த்தேன். அதில் என் கை படாத இடமில்லை. நாங்கள் வந்த புதிதில் இங்கே கோயில் கிடையாது. எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவரைப் பிடித்து ஒருவராக வந்து சேர்ந்த சில குடும்பங்கள்தான். ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம்வரை கம்பெனி இருக்கும். வேலை முடிந்து நகரத்துக் கோயிலுக்கு ஓடினால் அங்கே பூசை முடிந்து துடைப்பம் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு ஒரு சாமியார் மனமிரங்கி மாதம் ஒரு முறை எங்கள் கம்பெனிக்கே வந்தார். கட்டிங் டேபிளைத் துடைத்து, வெள்ளைப் பனியன் துணியை விரித்து, அதன்மேல் திருப்பலி வைத்தார். துணிப் பஞ்சு பறந்து அப்பத்தில் விழாமலிருக்க இரண்டு பேர் ஃபேனை நிறுத்திவிட்டுக் கையால் விசிறிக்கொண்டிருப்போம். வியர்வை வழிய வழிய அவர் வாசித்த நற்செய்தியைக் கேட்டு நாங்கள் அழுதிருக்கிறோம்.

அப்புறம் ஓலைக் கொட்டகை. பிறகு ஷீட் போட்ட கூடம். சவேரியார் சுரூபத்தை ஊரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தது நானும் மேரியும்தான். பஸ்ஸில் இடிபடாமலிருக்க அவள் தன் புடவையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்தாள். பிறகு கோயில் எழும்பியது. கொடிமரம் வந்தது, சப்பரம் வந்தது, திருவிழாவுக்கு ஊரே உட்கார்ந்து உண்ணும் அசனச் சாப்பாடு வந்தது. ஊரில் என்னென்ன இருந்ததோ அதையெல்லாம் ஒன்றுவிடாமல் இங்கே கொண்டுவந்து வைத்தோம். கல்லறைத் தோட்டத்தை மட்டும் வைக்கவில்லை.

வைக்கச் சொன்னவர் இருந்தார். முன்பிருந்த பங்குத்தந்தை ஒருமுறை பங்குப் பேரவையில் இந்தப் பேச்சை எடுத்தார். ஊர்க்காரர்களைப் பார்த்துப் பேசி ஓர் இடம் கேட்போமே என்றார். முதலில் எழுந்தவன் நான்.

“ஃபாதர், நாங்க இங்க பொழைக்க வந்தவங்க. சாக வந்தவங்க இல்ல. செத்தா எங்களுக்கு ஊரு இருக்கு.”

எல்லாரும் கை தட்டினார்கள். ஃபாதர் அதற்குமேல் பேசவில்லை. அந்தக் கைதட்டல் இப்போது மேரியின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் காதில் கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

ஜெபிக்க முயன்றேன். வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? இடம் வேண்டாம் என்று சபையில் எழுந்து சொன்னவன் இப்போது இடம் தா என்று கேட்பதா? கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன்: ஆண்டவரே, எனக்குக் கேட்க யோக்கியதை இல்லை. எனக்காகத் தரவேண்டாம். இவளுக்குத் தாரும். பொழுது சாய்வதற்குள் தாரும்.

அப்படியே தலையைக் கவிழ்த்து எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. யாரோ தோளைத் தொட்டார்கள். பழனியம்மாள். எங்கள் கோயிலுக்குள் அவர் அதுவரை வந்ததில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, கையில் ஒரு மல்லிகைச் சரத்தோடு நின்றார். அதை மேரியின் காலடியில் வைத்தார்.

“ஊட்டுல வேண்டாம்னு சொல்லீட்டு எனக்கு ஒரு வாய்த் தண்ணி எறங்கலீங்க. நாச்சிமுத்து ஐயனப் போயிப் பாத்துட்டு வந்தேன். நம்மூரு மயானத்துல ஒதுக்குப்பொறமா எடங் கெடக்குது. ஆனா நான் கேட்டாப் பத்தாதாம். நீங்க வந்து ஒரு வார்த்த கேக்கோணுமாம்.”

நாச்சிமுத்து ஐயா அந்த ஊரின் பெரியவர். இத்தனை வருடத்தில் அவரை நான் பார்க்கும்போதெல்லாம் வண்டியில் போகிறபோக்கில் ஒரு வணக்கம் போட்டதோடு சரி. திருவிழாவுக்கு ஒருமுறைகூட அவர் வீட்டுப் படியேறிப் பத்திரிகை வைத்ததில்லை. ‘இந்த ஊர்க்காரங்க’ என்றுதான் நாங்கள் பேசுவோம். ‘எங்க ஊர்’ என்றால் அது தெற்கே இருக்கும் ஊர். பழனியம்மாளோடு ஃபாதரையும் கூட்டிக்கொண்டு போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை.

“ஏனுங்க மாஸ்டர், எத்தன வருசமா இங்க இருக்கறீங்க?”

“முப்பது வருசத்துக்கு மேல ஆச்சுங்கய்யா.”

“இத்தன வருசத்துல ஒங்க சனத்துல சாவே உழுகலீங்களா?”

“விழுந்துச்சுங்கய்யா. ஊருக்குக் கொண்டுபோயிருவோம்.”

“ஊருக்கா?” அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. “அப்ப இது என்னதுங்க?”

காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நீங்களா வந்து ஒரு நாளு கேப்பீங்கன்னு பாத்தோம். கேக்கல. செரி, இவங்க போற சனம், இருக்கற சனமில்லன்னு நாங்களும் உட்டுட்டோம். கேட்டிருந்தா இல்லைன்னா சொல்லியிருப்போம்?”

“இப்பக் கேக்கேன்யா” என்றேன். என் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிட்டது. “எம் பொண்டாட்டிக்கு ஒரு எடம் தாங்கய்யா.”

“எடுத்துக்குங்க. ஒங்க சனத்துக் கொழந்த ஒண்ணுதான் ஏற்கெனவே அங்க கெடக்குதுங்களே, அதுக்குப் பக்கத்துலயே வெச்சுக்குங்க. அதுக்கு வந்து கேட்டவங்களே ஒங்க சம்சாரந்தானுங்களே. இந்தப் பழனியம்மாளக் கூட்டியாந்து இங்கதான் நின்னாங்க.”

எங்கள் சனத்தில் குழந்தை ஏது, யாரோ சொல்லி இவர் குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்தேன். இல்லை என்று சொல்லக்கூட வாயெடுத்தேன். பழனியம்மாள் தரையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

ஜார்கண்டிலிருந்து வந்த சிமோனும் அவன் மனைவியும் எங்கள் கம்பெனியில்தான் பேக்கிங்கில் இருந்தார்கள். கத்தோலிக்கர்கள். அவர்களைப்போல் நிறையப் பேர் ஞாயிறு பூசைக்கு வந்து கடைசி வரிசையில் நிற்பார்கள். அண்ணன் தம்பிகளே என்று அவர்கள் இந்தியில் கூப்பிட்டுக்கொள்வதை வைத்து நாங்கள் அவர்களைப் ‘பாய் லோக்’ என்போம். பங்கு மக்கள் என்று நினைத்ததில்லை. முந்தின வருட மழைக்காலத்தில் அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து, பிறந்த அன்றே இறந்துவிட்டது. சிமோன் என் வீட்டு வாசலுக்கு வந்தான். இறந்தவர்கள் காரியம் பார்ப்பவன் நான்தான் என்று யாரோ சொல்லியனுப்பியிருக்கிறார்கள். கையில் ஒரு துணிப் பொட்டலம். அரைகுறைத் தமிழில், “அண்ணா, பச்சா... கோயில் மண்ணு இருக்கு?” என்று கேட்டான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இங்க அதெல்லாம் கெடையாதுப்பா. ஊருக்குக் கொண்டு போ. நாங்க எல்லாரும் அப்படித்தான் செய்யிறோம்.” அவன் ஊர் ரயிலில் இரண்டு நாள் தூரம். அந்தப் பொட்டலத்தோடு அவன் எப்படிப் போவான் என்று எனக்குத் தோன்றவில்லை. சோறு ஆறிப்போகிறதே என்றுதான் தோன்றியது. உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். மேரி பரிமாறினாள். பிறகு ஜெபமாலைக்குப் போகிறேன் என்று புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினாள். காலெல்லாம் சேறு. மழையில் வழுக்கிவிட்டது என்றாள். நானும் நம்பினேன்.

அன்றைக்கு அவள் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று யாரும் கேட்கவேண்டாம். சொல்கிற மாதிரியான ஆளாக நான் இல்லை, அவ்வளவுதான்.

நாங்கள் மயானத்துக்குப் போனபோது குழி பாதி வெட்டியாகிவிட்டது. சிமோனும் அவன் கூட்டாளிகளும் சேறும் சகதியுமாக நின்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிட்டு வரவில்லை. மணிச் சத்தம் கேட்டு, இடம் கிடைத்த விஷயமும் தெரிந்து, ஷிப்ட்டை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு சின்ன மேடு. தலைமாட்டில் இரண்டு குச்சிகளைச் சிலுவையாகப் பனியன் பட்டியால் கட்டி நட்டிருந்தது. அந்த முடிச்சு மேரி போடுகிற முடிச்சு. எனக்குத் தெரியும். கம்பெனியில் பண்டல் கட்டும்போது அப்படித்தான் போடுவாள்.

சிமோன் குழியிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அவன் மேலே ஏறி வந்து என் கையைப் பிடித்தான்.

“அண்ணா, மேரி அக்கா இங்க. நம்ம பச்சா தனியா இல்ல இப்போ.”

நம்ம பச்சா என்றான். மன்னிச்சிரு என்று சொல்ல எனக்கு இந்தி தெரியாது. தமிழில் சொன்னேன். அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. “மண்ணு போடு அண்ணா, மழை வரும்” என்றான். ஃபாதர் தீர்த்தம் தெளித்துக் குழியை மந்திரித்தார். பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் என் மேரியை மண்ணில் வைத்தோம். நான் கேட்டது கேட்டபடியே கிடைத்தது. நான் கேட்பதற்கு ஒரு வருடம் முன்பே அவளே போய், வேறொரு குழந்தைக்காகக் கேட்டு வாங்கி வைத்திருந்த இடம்.

தண்ணீர் வடிந்து வழி திறந்ததும் ஜெசிந்தா வந்தாள். வீடு முழுக்க வெள்ளம் புகுந்து, மாடியில் கிடந்து பிழைத்திருக்கிறார்கள். அதற்கும் ஆண்டவருக்கு நன்றி. அம்மாவை அந்நிய ஊரில் போட்டுவிட்டீர்களே என்று அவள் என்னைத் திட்டுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் மேட்டைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பா, இந்தச் சின்னக் கல்லறை யாருக்குப்பா?” என்று கேட்டாள். பெற்ற மகளிடம் சொன்னேன். முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது அவளிடம்தான். அவள் திரும்பி அந்தச் சின்ன மேட்டில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினாள். “அம்மா ஏம்ப்பா அதுக்கப்புறமும் ஒங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டா?” என்றாள்.

அதன்பின் ஃபாதரும் நாச்சிமுத்து ஐயாவும் சேர்ந்து பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்து, அந்த ஒதுக்குப்புறத்தை எங்கள் பங்குக்கென்று வாங்கிக் கம்பி வேலி போட்டார்கள். பேரவையில் நான் எழுந்து, முன்பு பேசியது தப்பு என்றேன். இந்த முறை யாரும் கை தட்டவில்லை. “நம்ம எலும்பு நம்ம ஊர்லதான் சேரணும்வே” என்று என் பழைய கூட்டாளிகளே முணுமுணுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

கல்லறைத் திருநாள் வந்தால் எங்கள் கோயில் காலியாகிவிடும். எல்லாரும் பஸ் ஏறித் தெற்கே போய்விடுவோம். போன நவம்பரில் நான் போகவில்லை. மயானத்தில் ஃபாதரும் நானும் பழனியம்மாளும் மட்டும் நிற்போம் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் வடக்கத்திப் பிள்ளைகள் மெழுகுவத்தியும் சாமந்தியுமாக அந்த வேலிக்குள் நிறைந்திருந்தார்கள். இவ்வளவு பேர் எங்கள் பங்கில் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இறந்தவர்களின் பெயரை வாசிக்கவேண்டும். ஃபாதர் என்னிடம் திரும்பி, “குழந்தை பேரு என்னங்கய்யா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. இந்தப் பங்கை நிறுவிய குடும்பங்களின் பெயரையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்கிறவன் நான். நாங்கள் முதன்முதலாக மண்ணில் வைத்த பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியவில்லை. கூட்டத்துக்கு நடுவே சிமோனிடம் போய்க் கேட்டேன். நிர்மலா என்றான். உயிர் இருக்கும்போதே, அன்று சிகிச்சைக்கு அங்கே வந்திருந்த மேரி அக்காதான் ஆஸ்பத்திரியில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைத்தார் என்றான்.

பங்கின் வரலாற்றை எழுதித் தரும்படி ஃபாதர் என்னைக் கேட்டிருக்கிறார். மூத்தவன் என்பதால். கட்டிங் டேபிளையும் சவேரியார் பஸ்ஸில் வந்ததையும் எழுதுவேன். ஆனால் நாங்கள் இந்த ஊர்க்காரர்களாக ஆனது கோயில் கட்டிய அன்று இல்லை, நிர்மலாவை மண்ணில் வைத்த அன்று என்றும் எழுதுவேன். அன்றைக்கு நான் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

இதைப் படிக்கும் சகோதர சகோதரிகளே, கேட்க வெட்கமாக இருக்கிறது என்று ஆண்டவரிடம் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். நான் வெட்கத்தோடுதான் கேட்டேன். வெட்கத்தைப் பார்த்து அவர் கையை மூடிக்கொள்ளவில்லை. உங்கள் வாசலில் யாராவது வந்து நின்று கேட்டால், ஆறுகிற சோற்றைப் பார்க்காதீர்கள். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

ஆண்டவருக்கு நன்றி. என் மேரிக்கு நன்றி. போன வாரம் நாச்சிமுத்து ஐயா வீட்டுக்குப் போய், எனக்கும் அங்கே ஓர் இடம் கேட்டேன். தருகிறோம் என்றார்.